அச்சுப்படச் சேகரம்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

கல்லச்சிலும் பின்னர் ஆப்செட் அச்சிலும் வெளிவந்த வண்ணப் படங்களையும், அவற்றுக்கு மூலமாகக் கையால் எழுதப்பட்ட சித்திரங்களையும், பத்திரிகைகளில் வெளியான கோட்டுச் சித்திரங்களையும் தேடிச் சேர்த்துக் காக்கும் வழக்கம் அச்சுப்படச் சேகரம் எனப்படும். 1996இல் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து தேனி மாவட்டமாகிய நிலப்பகுதியில், தென்தமிழ்நாட்டின் பிற பகுதிகளிற் போலவே, இவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் கலாரசிகர்கள் அல்லர்; வழிபடுவோரே. நடுக்கூடத்துச் சுவரில் ஆணியடித்து, கீழே நிற்பவரைக் குனிந்து பார்ப்பதுபோலச் சற்றே முன்சாய்வாக மாட்டிய சாமி படங்களின் வரிசையே இங்கு முதற் சேகரம் என்று கொள்ளலாம். அச்சுக்கு முந்திய சித்திர மரபுக்குப் போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் சான்றாக நிற்கின்றன.

அச்சுப்படங்களின் வரலாறு பொதுவாக ராஜா ரவிவர்மாவிலிருந்து (1848–1906) தொடங்கப்படும். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவின் யோசனையை ஒட்டி, 1894இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் சென்றனர். அவ்வச்சகம் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்குக் கைமாறிய ஆண்டை 1901 என்பாரும் 1903 என்பாரும் உளர். செட்டிநாட்டு வீடுகளில் இப்படங்களிலுள்ள தேவியருக்குச் சரிகையும் பட்டுத் துணியும் தைத்து அலங்கரித்த பிரதிகள் இன்று மிகுதியாக விரும்பப்படுகின்றன.

அடுத்த காலகட்டமே விரிவான குறிப்புகளைக் கொண்டது. அதன் மையத்தில் நிற்பவர் கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்ட சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னைக் கலைப் பள்ளியிற் பயின்று, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கி, பின்பு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதும் பணியை ஏற்றுக்கொண்ட இவர், 1940களில் கோவில்பட்டியில் நிலைபெற்றார் என்பர். மாளிகைத் தூண்கள், தாமரைத் தடாகம், தொலைவில் நீலமாய் மங்கும் மலைத்தொடர் என்று நாடக மேடையின் பின்திரையில் விரிந்த உலகமே, அவருடைய சாமி படங்களிலும் தெய்வத்தின் பின்னே விரிந்து கிடப்பதைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை நாள்தோறும் கண்முன் காணும் கம்பத்து மக்களுக்கு அந்நீலம் அயலாகத் தோன்றியிராது.

டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், ஜி. செண்பகராமன் முதலியோர் அவரிடம் பயின்றனர். குருவும் சீடரும் ஒரே படத்தில் கைவைத்து இருவர் பெயரையும் ஓரத்தில் எழுதும் வழக்கம் இருந்தமையால், இன்ன படம் முழுவதும் கொண்டைய ராஜுவின் கைப்பட எழுந்தது என்று அறுதியிடுவதில் சேகரிப்போரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. முகம் குருவினுடையது, ஆபரணங்களும் பின்புலமும் சீடருடையவை என்பது பலர் ஒப்பும் ஊகமேயன்றி முடிவன்று. அவருடைய கஜலட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் மிகப் பரவலாக வழங்கியவை.

இப்படங்களை அச்சிட்டுப் பரப்பிய ஊர் சிவகாசி. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அங்கே அத்தொழிலைத் தொடங்க, தீப்பெட்டியின் மேல் ஒட்டும் சிறு வண்ணத் தாளுக்காக வளர்ந்த லித்தோ அச்சுத் தொழில், நாளடைவில் பெரும் படங்களுக்கும் காலண்டர்களுக்கும் கைகொடுத்தது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அவற்றைக் கொண்டுவரும் முகவரிடம் துணிக்கடைக்காரரும் ஏலக்காய் வியாபாரியும் உரக்கடைக்காரரும் தத்தமக்கு விருப்பமான தெய்வத்தைத் தெரிந்தெடுத்து, அதன் கீழே தம் கடைப் பெயரையும் ஊரையும் அச்சிட்டு வாங்கி, தை பிறக்குமுன் வாடிக்கையாளர்களுக்கு வழங்குவர்.

பள்ளத்தாக்கின் வரலாற்றுக்கு அந்தக் கீழ்ப்பட்டையே உயிர்நாடி. கோவில்பட்டியில் எழுதிச் சிவகாசியில் அச்சிட்ட முருகனில், உத்தமபாளையத்துக்கோ சின்னமனூருக்கோ உரியது அந்த இரண்டு விரற்கடைத் தாள் மட்டுமே. ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்தெறிந்து, படத்தைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுசென்று சட்டமிடும்போது, சட்டத்துக்கு அளவாக முதலில் வெட்டப்படுவதும் அதுவே. சித்திரக்காரரின் கையெழுத்தும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் விளிம்பிலேயே இருப்பதால், அவையும் கத்தரிக்கு இரையாயின. விளிம்பு கெடாத பிரதியைச் சேகரிப்போர் பொன்போலப் போற்றுவதற்குக் காரணம் இதுவாகும்.

கல்லச்சுப் பிரதியையும் பிற்கால ஆப்செட் பிரதியையும் வேறு பிரித்தறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல்லாகப் பிரித்து, அக்கல்லின்மேல் தொழிலாளி கையாலேயே புள்ளி குத்திய பழைய படத்தில், அம்மனின் கன்னத்தில் உள்ள புள்ளிகள் மணல் தூவியதுபோல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஆப்செட்டில் அவையே வலைக்கண்போல வரிசை பிசகாமல் நிற்கும். அந்த ஒழுங்கின்மையினூடே பெயரறியாத ஒரு கையின் நிதானத்தைக் கண்டவர்கள் பிறகு இப்படங்களை மலிவுச் சரக்கென்று சொல்லத் துணிவதில்லை.

அழிவின் காரணங்கள் பல. கற்பூரப் புகை, கண்ணாடியின் இடுக்கில் கசியும் சந்தனம், பின்புறம் அண்டை கொடுத்த பழந்தாளின் மஞ்சள், தாளின் மாவுப் பசையைத் தேடிவரும் இராமபாணப் பூச்சி ஆகியவை அவற்றுட் சில. எனினும் பூச்சியினும் பெருங்காரணம் பக்தியே. கண்ணாடி உடைந்த சாமி படத்தைக் குப்பையிற் போட மனம் ஒவ்வாது, அரசமரத்தடியிலோ ஆற்றிலோ கொண்டு சேர்ப்பது மரபு. ஆகவே எந்த அன்பு ஒரு படத்தை நாற்பது ஆண்டு சுவரில் காத்ததோ, அந்த அன்பே ஈற்றில் அதனை முல்லைப் பெரியாற்றுக்கும் கொடுத்துவிட்டது.

கோட்டுச் சித்திரங்களின் சேகரம் வேறொரு வழியில் வளர்ந்தது. ஆனந்த விகடனில் சில்பி (1919–1983) வரைந்த தென்னாட்டுச் செல்வங்கள் வரிசையிலுள்ள ஆலயச் சிற்பங்களையும், கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த சித்திரங்களையும் வாரந்தோறும் கவனமாகப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் கோத்துக் காலிகோ அட்டையிட்டுப் பைண்டு செய்துவைத்த குடும்பங்கள் தமிழகமெங்கும் இருந்தன. மூலச் சித்திரம் கைக்கெட்டாத சிற்றூரார்க்கு அச்சேறிய தாளே மூலமாயிற்று.

ஆராய்ச்சி நோக்குடன் சேர்த்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த அவர், நூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பு முதலிய தாள்களையும் ஒதுக்காது காத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரம் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் எச். டேனியல் ஸ்மித் திரட்டிய சுமார் 3,500 தெய்வப் படங்கள் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கனடாவின் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டைய ராஜுவைப் பற்றி விரிவாக எழுதினார்.

அண்மைக் காலத்தில் பிளெக்ஸ் அச்சு பரவியுள்ளது. அதன் நடுவிலும் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு படம் மட்டும் தனித்து நிற்கிறது: 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுயிக்கின் உருவம். அப்பொறியாளருக்கு, லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். அடர்ந்த மீசையுடன் கூடிய பழைய புகைப்படமொன்றிலிருந்து பெருக்கிய அவருடைய படம், வீடுகளிலும் கடைகளிலும் சாமி படங்களின் வரிசையிலேயே, சந்தனப் பொட்டும் மாலையுமாக மாட்டப்பட்டிருக்கிறது.