விலையா, விளையாட்டா? தமிழகத்தில் வீடியோ கேம் கருவிகளின் விற்பனை வரலாறு

வீடியோ கேம் கருவியின் விற்பனையைக் கூட்டுவது புதிய விளையாட்டா, விலைக் குறைப்பா என்பது அத்தொழிலில் நெடுநாளாகத் தொடரும் கேள்வி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதற்குக் கிடைத்த விடை ஒன்று. தமிழகத்தில், அதிலும் திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு சாலைகள் கூடும் செம்பட்டி போன்ற ஊர்களில், கிடைத்த விடை வேறு.

வெளிநாடுகளில்

1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் விற்பனை, 1980-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அதற்கு வந்த பிறகே பெருகியது. அந்த ஒரு விளையாட்டுக்காகவே பலர் கருவியை வாங்கினர். 1991-இல் சேகா நிறுவனம் தன் ஜெனிசிஸ் கருவியின் விலையை 189 டாலரிலிருந்து 149 டாலராகக் குறைத்தது. அதே வேளையில் பெட்டிக்குள் இருந்த பழைய விளையாட்டை எடுத்துவிட்டு ‘சோனிக்’கை வைத்தது. கருவி நன்றாக விற்றது. ஆனால் இரண்டும் சேர்ந்தே நடந்ததால், எது விற்றது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

தெளிவான சான்று சேகாவின் அடுத்த காலத்திலேயே இருக்கிறது. 2000-இல் ட்ரீம்காஸ்டின் விலை 149 டாலருக்கு இறங்கியது. நல்ல விளையாட்டுகளும் அதில் இருந்தன. ஆனாலும் மக்கள் பிளேஸ்டேஷன் 2-க்காகக் காத்திருந்தனர். 2001 ஜனவரியில் ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. மாறாக, 2011 ஆகஸ்டில் நின்டெண்டோ தன் 3டிஎஸ் விலையை 250 டாலரிலிருந்து 170 டாலராகக் குறைத்து, ஆண்டு முடிவதற்குள் இரண்டு மரியோ விளையாட்டுகளையும் வெளியிட்டது, அக்கருவி பிழைத்துக்கொண்டது. விலைக் குறைப்பால் வரும் கூட்டம் விரைவில் கலைந்துவிடும். அதற்குள் விளையாட வேண்டியது வந்தாக வேண்டும்.

கேசட் காலம்

தமிழகத்தில் 1990-களில் நிலைமை இப்படி இல்லை. 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்த சேகா கருவியின் விலை ஏறத்தாழ 18,000 ரூபாய். அக்காலத்தில் அது நடுத்தரக் குடும்பத்தின் பல மாத வருமானம். இறக்குமதி வரி 80 விழுக்காடாக இருந்ததே இத்தகைய ஏற்பாட்டுக்குக் காரணம்.

மக்கள் வாங்கியது வேறு. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் போலிகள் ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’ முதலிய பெயர்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. சென்னை பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இத்தகைய பொருள்களுக்குப் பெயர் பெற்றவை. ‘டிவி கேம்’ என்றே அழைக்கப்பட்ட இவற்றில் செருகும் கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, மற்றவை அவற்றின் மறுபதிப்புகள். மரியோ 1985-இலும் கான்ட்ரா 1987-இலும் பிறந்தவை. பத்தாண்டு பழைய விளையாட்டுகள்தாம் இங்கே புதியவை. ஆகவே புதிய விளையாட்டு வந்தால் வாங்கலாம் என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா, கருவி எவ்வளவு என்ற இரண்டுமே பேச்சு.

முதல் தடையை அரசே பின்னாளில் நீக்கியது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழக வீடுகளுக்குச் சென்றன. விளையாட்டுக்காக வந்த திட்டமல்ல அது. எனினும் டிவி கேமுக்கு வேண்டிய செலவில் பெரும்பங்கு அதனால் குறைந்தது.

சோனியின் முயற்சி

இந்தியாவில் இரு வழிகளையும் ஒருசேரச் சோதித்தது சோனி. 2007-இல் 39,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 3 பெரும்பாலோர்க்கு எட்டாக்கனி. எனவே பழைய பிளேஸ்டேஷன் 2-ஐ மலிவாக விற்றுக்கொண்டே, அதற்கென இந்திய விளையாட்டுகளைச் செய்வித்தது. ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த ‘தேசி அட்டா’வில் கபடி, பட்டம் விடுதல், நம் கிட்டிப்புள்ளின் வடநாட்டு வடிவமான கில்லி தண்டா ஆகியன இடம்பெற்றன. 2010-இல் தெருக் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றும் வந்தது. கருத்து நல்லதே. ஆனால் சிப் மாற்றிய கருவியில் திருட்டு வட்டுகள் ஓடிக்கொண்டிருந்த சந்தையில், உலகின் சிறந்த விளையாட்டுகள் எல்லாம் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தன. அவற்றோடு உள்நாட்டு விளையாட்டு போட்டியிட வேண்டியிருந்தது. 2013 தொடக்கத்திற்குள் பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியே உலகெங்கும் நின்றுபோனது.

கருவி தேவைப்படாத காலம்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2016-இல் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. 2018-இல் பப்ஜி மொபைல் வெளியானபோது, கையில் ஏற்கெனவே இருந்த கைபேசியே கருவியாயிற்று, விளையாட்டும் இலவசம். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்தபோதும் இளைஞர்கள் கன்சோல் பக்கம் திரும்பவில்லை. வேறு கைபேசி விளையாட்டுக்கே மாறினர். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது. வட்டு இயக்கியுடன் கூடிய அதன் விலை அப்போது 49,990 ரூபாயாக இருந்தது.