கதை தொலைத்த காப்பியம்

திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏடு ஒரு காலத்தில் இருந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களில் உ.வே.சாமிநாதையர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், பிரித்துப் படிக்கவில்லை. பிள்ளையவர்கள் 1876இல் காலமானார். அவர் காலத்தில் மாணவர்கள் விரும்பிப் படித்தவை தலபுராணமும் அந்தாதியும்தான். சமணக் காப்பியத்தைச் சீந்துவார் யார்? 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய ஐயர், பழைய நூல்மேல் பற்று வந்தபின் தேடியபோது சுவடி மடத்தில் இல்லை. வேறெங்கும் அகப்படவுமில்லை. கறையானை மட்டும் திட்டிப் பயனில்லை. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுதான். படிக்க ஆளில்லாத நூலைப் பிரதி எடுக்கவும் ஆள் வருவதில்லை.

நல்லவேளையாக, ஏடு தொலையுமுன்பே சில பாடல்கள் வேறு நூல்களில் குடியேறிவிட்டன. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எடுத்துக்காட்டியவை சில. பெரும்பகுதியைக் காப்பாற்றியது புறத்திரட்டு. மொத்தம் கிடைப்பவை எழுபது சொச்சம் பாடல்கள். புறத்திரட்டு, குறளைப் போல அறம், பொருள் என்று அதிகாரம் பிரித்த தொகுப்பு. தொகுத்தவர் நிலையாமை, கொல்லாமை என்று தமக்கு வேண்டியதைப் பொறுக்கினார், கதையை விட்டுவிட்டார். வைசிய புராணத்தில் நவகோடி நாராயணன் என்னும் வணிகனின் கதை வருகிறது. அதுதான் வளையாபதியின் கதையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

கிரேக்கர்களுக்கு நேரெதிர் விபத்து. ஹோமரின் இலியட்டும் ஒடிஸியும் தப்பின. டிராய்ப் போரைச் சுற்றிய கதைகளைப் பாடிய குப்ரியா, ஐத்தியோபிஸ், டெலிகோனி முதலியவை அழிந்தன. பழைய இலியட் சுவடிகள் சிலவற்றில் புரோக்ளஸ் எழுதிய கதைச்சுருக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவற்றின் கதை தெரிகிறது. குப்ரியாவின் பதினொரு காண்டத்தில் ஐம்பது வரி போலத்தான் மிச்சம். கொச்சிக்கு வடக்கே, முசிறித் துறைக்கு மிளகு வாங்க வந்த வணிகரின் கிரேக்கக் கடன் ஒப்பந்தம் மட்டும் வியன்னா நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வட்டிக்கணக்குக்கு வாய்த்த யோகம் காப்பியத்துக்கு வாய்க்கவில்லை!

இன்று வளையாபதியைப் புரட்டுபவர்கள் வறண்ட நீதிநூல் என்று மூடிவைக்கிறார்கள். ஒட்டக்கூத்தர் கவியழகு வேண்டி நினைத்த காப்பியம் இது என்கிறது தக்கயாகப்பரணி உரை. அந்த வறட்சி தொகுத்தவருடையது. புலவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.