முற்றத்துச் செடிகளின் வரலாறு

வீட்டைச் சுற்றிப் பூஞ்செடிகளையும் மரக்கறிகளையும் வளர்ப்பதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். எதனை நடுவது, எதனை விடுவது என்பதெல்லாம் அவரவர் விருப்பம் என்றும் கூறுவர். ஆயின், நம் வளவில் நிற்கும் ஒவ்வொரு செடியையும் நோக்கி, அது எங்கிருந்து வந்தது, எவர் கொணர்ந்தார், எவருக்காகக் கொணர்ந்தார் என்று வினவுவோமாயின், ஐந்து நூற்றாண்டுகளின் வரலாறு அங்கே விரியக் காணலாம்.

யாழ்ப்பாணத்து வளவொன்றை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் வாழையும் கமுகும் நிற்கின்றன. வேலியிற் பூவரசும் கிளுவையும், கோடியில் முருங்கையும் உள்ளன. இவை நெடுங்காலமாக நம்மோடு வாழ்ந்து வருபவை. ஆனால், பாத்தியில் நிற்கும் மிளகாயும் தக்காளியும், மதிலோரத்துப் பப்பாசியும், கொய்யாவும், பின்வளவு மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. 1492இல் கொலம்பசின் கப்பல்கள் அக்கரையை அடைந்ததன் பின்னரே அவை உலகெங்கும் பரவின. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரும், அவர்களின் பின்வந்த ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற சுவடுகள் நம் மொழியிலேயே உள்ளன. அன்னாசி என்ற பெயர் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. போஞ்சி என்பது ஒல்லாந்தர் தந்த சொல். மிளகாய் என்ற பெயரோ நம் முன்னோர் படைத்தது. மிளகின் உறைப்பையே அறிந்திருந்த மக்கள், புதிதாக வந்த காயின் உறைப்பைக் கண்டு அதனை மிளகோடு சேர்த்துப் பெயரிட்டனர்.

பூக்களின் கதையும் இதுவே. பௌத்த விகாரைகளின் முற்றங்களில் நிற்கும் அரலிய மரம் மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதற்குத் தமிழில் ஈழத்தலரி என்றொரு பெயரும் உண்டு! கடல் கடந்து வந்த மரம் இந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. எனவே, சுதேசி எது, அந்நியம் எது என்று செடிகளைப் பிரித்துச் சண்டையிடுவது வீண்வேலை. பொதுமக்கள் தமக்குப் பயன்பட்டதை ஏற்றனர். தம் வழிபாட்டிலும் உணவிலும் சேர்த்துக்கொண்டனர்.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பரிமாற்றம் ஓர் அரசாங்க நிறுவனத்தின் தொழிலாயிற்று. 1821இல் பேராதனையில் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. இன்று நாம் மாணவரை உல்லாசப் பயணமாக அங்கே அழைத்துச் செல்கிறோம். மலர்களைக் காட்டி மகிழ்கிறோம். ஆயின், அப்பூங்கா அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. எந்தப் பயிர் இலாபம் தரும் என்று ஆராய்வதும் அதன் கடமையாக இருந்தது. 1861இல் சிங்கோனாப் பயிருக்காக ஹக்கலையிலும், 1876இல் இறப்பர்க் கன்றுகளுக்காக ஹெனரத்கொடையிலும் கிளைப் பூங்காக்கள் தோன்றின. 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியபின், மலைச்சரிவுகளில் தேயிலை படர்ந்தது.

அழகு ஒன்றையே கருதிக் கொணர்ந்த செடிகள் சில நாட்டுக்குக் கேடாகவும் முடிந்தன. 1826இல் அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கவ்விக்கொண்டது. 1905இல் ஊதாப் பூவுக்காக வந்த ஆகாயத்தாமரை, குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. அதனை ஒழிக்க 1909இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. செடியைத் தேர்பவர் அதன் பூவை மட்டுமன்றி, அது பரவும் வகையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இனி, தோட்டத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். மலையகப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த காலத்தில், வீட்டைச் சுற்றியுள்ள செடிகளைப் பட்டியலிட்டு வருமாறு மாணவரிடம் ஒருமுறை கூறினேன். யாழ்ப்பாணத்து வளவை மனத்திற் கொண்டு நான் இட்ட வேலை அது. லயத்தில் வாழ்ந்த மாணவியொருத்தி இரண்டே வரிகள் எழுதி வந்தாள்: “வாசலில் ஐந்து கோவாச் செடி. பால்மா டின்னில் ஒரு ரோசா.” அதன் கீழே, “வேறு இடம் இல்லை, சேர்” என்றும் எழுதியிருந்தாள். என் அறியாமைக்காக நான் நாணினேன்.

அவளுடைய முன்னோர் காடழித்துத் தோட்டம் உண்டாக்கியவர்கள். துரைமார் பங்களாவின் புற்றரையையும் ரோசாப் பாத்திகளையும் பேணியவையும் அத்தொழிலாளரின் கைகளே. ஆனால், அவர்களுக்கெனக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை. 1948இல் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோயிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; எனினும் உழைத்தவருக்கு நிலம் கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியோடு கட்டப்பட்ட தனிவீடுகளும் ஒரு பகுதியினருக்கே கிட்டின.

யாழ்ப்பாணத்தார் இதனைப் படித்துவிட்டுப் பெருமூச்செறிந்தால் மட்டும் போதாது. ஆறில்லாத குடாநாட்டில் கிணறே தோட்டத்தின் உயிர். அக்கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமையைச் சாதியின் பெயரால் மறுத்தவர்கள் நாம். பிறர் காணியிற் குடியிருந்த ஏழை நட்ட மா காய்க்கும்போது, அதன் பயன் யாருக்குச் சேரும் என்ற கேள்வியும் நம் ஊர்களில் எழாமல் இருந்ததில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, உணவு விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. அவ்வாண்டு ஜூன் மாதம், வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. தோட்டம் செய்வது நன்றே. ஆயின், லயத்து மக்களும் நகரத்துச் சேரி மக்களும் எந்த நிலத்தைக் கொத்துவது? நிலமில்லாதவனுக்கு வழங்கப்படும் விவசாய ஆலோசனை அவன் பசியை ஆற்றுமா?

நிலமுள்ளோர் செய்யத்தக்கவையும் உள. குளித்த நீர் வாழைக்குச் செல்லட்டும். வேலிப் பூவரசின் குழை பாத்திக்கு உரமாகட்டும். ஈரமான இடத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் தழைக்கும்; வரண்ட மூலையில் முருங்கை நிற்கும். பூ வேறு, உணவு வேறு என்ற பிரிவினையும் வேண்டியதில்லை. மாதுளை செம்பூவும் தரும், கனியும் தரும்; அகத்தியின் இலையும் பூவும் கறியாகும். பாடசாலைக் காணிகள் பல தரிசாகக் கிடக்கின்றன. நிலமற்ற வீட்டுப் பிள்ளைகள் அங்கே பயிரிட்டு, விளைந்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்ல நாம் வழிசெய்யலாம்.

ஆயினும், இவை காணி கேட்கும் போராட்டத்துக்கு ஈடாகா. உண்பதற்கு ஐந்து கோவா நட்ட அம்மாணவி, உண்ண உதவாத ரோசா ஒன்றையும் டின்னில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். உழைக்கும் மக்களுக்கு அழகுணர்ச்சி இல்லை என்பார் அதனைக் கண்டிலர். அவள் ரோசா வேரூன்ற நிலம் வேண்டும். அதனைக் கேட்கும் கடமை அவளுக்கு மட்டும் உரியதன்று.