கருவிக்கு முன்பே வந்த காப்புரிமை

1948. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து வக்கீல்களுக்குத் திடீர்த் தலைவலி. முந்தைய டிசம்பரில்தான் அங்குள்ள விஞ்ஞானிகள் பார்டீனும் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியிருந்தார்கள். அவர்களுடைய குழுத்தலைவர் ஷாக்லிக்கோ, மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூல யோசனை தன்னுடையது, காப்புரிமை தன் பெயரில்தான் வர வேண்டும் என்ற பிடிவாதம். பழைய காப்புரிமைகளைப் புரட்டிய வக்கீல்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த யோசனைக்கு 1930-லேயே வேறொருவர் காப்புரிமை பெற்றிருந்தார்!

அவர் ஜூலியஸ் எட்கர் லிலியன்ஃபெல்ட். இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் 1882-இல் பிறந்தவர். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1920-களில் அமெரிக்காவில் குடியேறினார்.

1925-இல் கனடாவிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் அவர் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்தது இதுதான்: கண்ணாடிமேல் தாமிர சல்ஃபைடின் மெல்லிய படலம், இரு முனைகளிலும் மின்இணைப்பு, இடையே ஓர் அலுமினியத் தகடு. தகட்டின் மின்னழுத்தத்தை மாற்றினால் படலத்தில் ஓடும் மின்னோட்டமும் மாறும். மதகைத் தூக்கி இறக்கி வாய்க்கால் நீரைக் கட்டுப்படுத்துவது போலத்தான்.

ஆனால் காகிதத்தில் சரியாக இருந்தது கருவியாகவில்லை. அவ்வளவு தூய்மையான குறைக்கடத்திப் பொருள் அன்று கிடையாது. போதாக்குறைக்கு, மேற்பரப்பில் சிக்கிக்கொள்ளும் எலெக்ட்ரான்கள் மின்புலத்தை உள்ளே விடாமல் மறித்துவிடும். இருபது ஆண்டு கழித்து, 1945-இல், ஷாக்லி முயன்று தோற்றதும் இதே இடத்தில்தான். லிலியன்ஃபெல்ட் இதுபற்றி ஆய்வுக்கட்டுரை எதுவும் எழுதாததால் விஞ்ஞானிகளின் கண்ணிலும் அது படவில்லை. காப்புரிமை ஏடுகளைப் பொழுதுபோக்காகப் படிப்பவர் யார்?

1948-இல் பெல் விண்ணப்பித்த முதல் டிரான்சிஸ்டர் காப்புரிமையில் ஷாக்லியின் பெயர் இடம்பெறவில்லை. 1956-இல் நோபல் பரிசு மட்டும் மூவருக்கும் கிடைத்தது.

சிலிக்கான்மேல் அதன் ஆக்சைடையே காப்புப் படலமாக வளர்த்து மேற்பரப்புச் சிக்கலை அடக்கி, லிலியன்ஃபெல்டின் யோசனையை இயங்கும் டிரான்சிஸ்டராக்கியவர்கள், அதே பெல் கூடத்தின் அட்டல்லாவும் காங்கும். ஆண்டு 1959. இன்று ஒரு ஸ்மார்ட்போன் சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேலாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவை அந்த வகை டிரான்சிஸ்டர்களின் வாரிசுகளே. 1947-இல் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த மாடல் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது.

லிலியன்ஃபெல்ட் 1963-இல் இறந்தார். அவர் மனைவி விட்டுச்சென்ற நன்கொடையில் அமெரிக்க இயற்பியல் கழகம் அவர் பெயரில் பரிசு வழங்குகிறது. 1999-இல் அதைப் பெற்றவர் ஸ்டீபன் ஹாக்கிங். டிரான்சிஸ்டரின் கதையை 1947-இல் தொடங்கும் பாடநூல்கள் 1925-க்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும்.