கோல் விழாத இறுதிப் போட்டி: 1978 பெடரேஷன் கோப்பையும் கோயம்புத்தூரும்

நாட்டின் தலைசிறந்த கிளப் எது என்பதை ஒரே களத்தில் முடிவு செய்யும் நோக்கில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 1977-இல் தொடங்கிய பெடரேஷன் கோப்பை, இரண்டாம் ஆண்டிலேயே கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது. 1978-இல் இங்கு நடந்த இறுதிப் போட்டியில் கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின; எந்த அணியும் கோல் அடிக்காத நிலையில் கோப்பை இரண்டுக்கும் பொதுவானது. பட்டியல்களில் ஒரு வரிக்குள் அடங்கிவிடும் இந்த முடிவைவிட, அப்படியொரு போட்டி நொய்யல் கரையிலுள்ள பஞ்சாலை நகரத்துக்கு ஏன் வந்தது, வந்தும் இந்த நகரம் தனக்கென ஒரு பெரிய கால்பந்து அணியை ஏன் வளர்த்துக்கொள்ளவில்லை என்ற கேள்விகளே வரலாற்றாளரின் கவனத்துக்கு உரியவை.

பெடரேஷன் கோப்பைக்கு முன்பு இந்தியாவில் கோப்பைகளுக்குப் பஞ்சமில்லை. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, 1891-இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை, 1893-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஆகியவை பெருமை மிக்கவையாயினும், ஒவ்வொன்றும் ஒரு நகரத்தின் சொத்தாகவே இருந்தன. 1941-இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையோ மாநில அணிகளுக்கானது. அதில் ஒரு மாநிலத்தின் பல கிளப்புகளிலிருந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து ஓர் அணியாக்குவார்களே தவிர, கிளப்புகள் தம் பெயரில் மோதுவதில்லை. ஆண்டு முழுவதும் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடிப் புள்ளி சேர்க்கும் லீக் முறையில் அமைந்த தேசியப் போட்டி 1996 வரை வரவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்த பெடரேஷன் கோப்பைக்கு நிலையான ஊர் கிடையாது; ஆண்டுதோறும் வேறொரு நகரம் அதை ஏற்று நடத்தியது.

அந்த நகரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். 1977-இல் எர்ணாகுளம், 1978-இல் கோயம்புத்தூர், 1981-இல் சென்னை, 1982-இல் கோழிக்கோடு, 1983-இல் கண்ணூர், 1984-இல் திருச்சி என, முதல் எட்டு ஆண்டுகளில் ஆறு இறுதிப் போட்டிகள் தமிழகத்திலும் கேரளத்திலும் நடந்தன. குவாஹாத்தியும் கல்கத்தாவும் மட்டுமே விதிவிலக்கு. அதே எட்டு ஆண்டுகளில் கோப்பையை வென்ற தென்னக அணியோ, முதலாண்டில் மோகன் பகானைத் தோற்கடித்த பெங்களூர் ஐ.டி.ஐ. ஒன்றுதான். களமும் கூட்டமும் தெற்கே, கோப்பை வடக்கே என்ற இந்தப் பிரிவினையை வெறும் தற்செயலாகக் கொள்வதற்கில்லை. சென்னையில் 1975-இல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியிருந்தாலும் அதன் ஒளிபரப்பு மேற்கு மாவட்டங்களை எட்டாத காலம் அது. கல்கத்தா அணிகளைச் செய்தித்தாள் வழியாகவும் வானொலி வழியாகவும் மட்டுமே அறிந்திருந்த மக்களுக்கு அவற்றை நேரில் பார்ப்பதற்கு வேறு வழியில்லை. கோவைக்கு இன்னொரு வசதியும் உண்டு. சென்னையையும் மலபார்க் கரையின் பேப்பூரையும் இணைத்து 1862-இல் முடிந்த இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்வதால், கால்பந்தையே மூச்சாகக் கொண்ட மலபார் இந்நகரத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

வந்த அணிகளும் சாதாரணமானவை அல்ல. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்று, வெறுங்காலுடன் வெள்ளையரை வென்ற அணி என்று பெயர் பெற்றது. 1920-இல் உருவான ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணியாகத் தொடங்கி, பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்த லட்சக்கணக்கானோரின் தன்மானச் சின்னமாக வளர்ந்தது. 1975 ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்ற காயம் மோகன் பகான் ஆதரவாளர்களுக்கு ஆறாதிருந்தது. 1977 செப்டம்பரில் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் 2-2 எனச் சமன் செய்து மோகன் பகான் தன் மதிப்பை மீட்டிருந்தது. அந்தப் பகையின் உச்சத்தில்தான் இரண்டும் கோவையில் சந்தித்தன.

கோப்பையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். சமநிலையை முறிக்க ஐந்து ஐந்து பெனால்டி உதைகள் அடிக்கும் முறையை உலகக் கால்பந்து விதிகள் 1970-இலேயே ஏற்றிருந்தபோதும், இந்தியப் போட்டி அமைப்பாளர்கள் இருவரையும் வெற்றியாளராக அறிவிப்பதில் தயக்கம் காட்டவில்லை. அதே 1978-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை மோகன் பகானும் சோவியத் அணியான அராரத் எரவானும் பகிர்ந்துகொண்டன. 1980-இல் கல்கத்தாவில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதியிலும் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 1-1 என நின்று கோப்பையைப் பகிர்ந்தன. இதைக் கோழைத்தனமான முடிவு என்று எள்ளுவது எளிது. ஆனால் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் ஆடிய லீக் ஆட்டத்தின்போது வெடித்த கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்ததை நினைத்தால், ஒருவரையும் தோற்றவராக வீட்டுக்கு அனுப்பாத முடிவில் ஓரளவு விவேகமும் இருந்ததாகவே கொள்ள வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. 1888-இல் முதல் நூற்பாலையைக் கண்டு, 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஆலைகள் பெருகிய கோவைக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டம் உண்டு. அந்த ஒப்புமை நூலோடு நின்றுவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1878-இல், கோவை இறுதிப் போட்டிக்குச் சரியாக நூறாண்டு முன்பு, ரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணிதான் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. இந்தியாவிலும் நெசவுத் தொழிலுக்கும் கால்பந்துக்கும் உறவு இல்லாமலில்லை: பம்பாயின் மஃபத்லால் மில்ஸ் அணி 1979-லும் 1982-லும் பெடரேஷன் கோப்பையின் இறுதிக்கு வந்தது, பஞ்சாபின் பக்வாராவிலுள்ள ஜே.சி.டி. மில்ஸ் அணி அக்கோப்பையை வென்றதோடு 1996-97-இல் முதல் தேசிய லீக் பட்டத்தையும் கைப்பற்றியது. இந்த இரண்டு ஊர்களுக்கும் சளைக்காத ஆலை நகரமான கோவையிலிருந்து அப்படி ஓர் அணி வரவில்லை.

கொங்கு முதலாளிகள் விளையாட்டை ஆதரிக்கவில்லை என்பது இதற்குக் காரணமல்ல. அவர்களது ஆதரவு வேறு பக்கம் சென்றது. பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் இந்நகரத்தைக் கூடைப்பந்தின் தலைநகரங்களுள் ஒன்றாக்கின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யத் தொடங்கிய பட்டறைகள் பம்புசெட்டும் மோட்டாரும் வார்ப்படமும் செய்து பெருகியதால் இயந்திரத்தின் மீதான மோகம் ஊரின் இயல்பாயிற்று. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் பந்தயக் கார்களை உருவாக்கியதும், அவர் பெயரால் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் அமைந்ததும், நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் களத்தை எட்டியதும் இந்த மண்ணுக்கு உரிய விளைச்சல்கள். கல்லூரி அரங்கத்தில் ஆடும் கூடைப்பந்தும் பட்டறையிலிருந்து புறப்படும் கார்ப் பந்தயமும் நிறுவனங்களின் கைக்கு அடங்கியவை. தெருவிலிருந்தும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் எழும் கால்பந்து அப்படி அடங்குவதில்லை. அதற்கு மேலிருந்து கிடைக்கும் புரவலரைவிடக் கீழிருந்து கிளம்பும் பகையும் பற்றும்தான் அதிகம் தேவை.

எனவே அடுத்த பெரிய வாய்ப்பிலும் கோவை விருந்து படைப்பவராகவே நின்றது. 1992-இல் இங்கு நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில் வி.பி. சத்யன் தலைமையிலான கேரளம் கோவாவை 3-0 என வென்றது.

சொந்தப் பட்டம் என்று சொல்லத்தக்கது 2019-இல்தான் வந்தது, அதுவும் பெயரில் சென்னையைச் சுமந்துகொண்டு. தேசிய அளவிலான ஐ-லீகில் ஆடிய சென்னை சிட்டி அணி 2017-18 பருவத்திலிருந்து கோவை நேரு ஸ்டேடியத்தைத் தன் களமாக்கிக்கொண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியில், 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் துணையோடு முன்னேறிய அந்த அணி, 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபைச் சந்தித்தது. கோப்பைப் போட்டி அல்ல, லீக் ஆட்டம். ஆயினும் வென்றால் பட்டம் என்ற நிலையில் அது இறுதிப் போட்டியாகவே ஆயிற்று. தொடக்கத்திலேயே பின்தங்கிய சென்னை சிட்டி, மான்சியின் பெனால்டியாலும் கௌரவ் போராவின் இரு கோல்களாலும் 3-1 என வென்று 43 புள்ளிகளுடன் முடிசூடியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை 2-1 என வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளிகளே கிடைத்தன.

அந்த வெற்றியால் ஏ.எஃப்.சி. கோப்பை என்னும் ஆசியக் கிளப் போட்டிக்குச் சென்ற அணி, மாலத்தீவின் மாசியா அணியுடனான தன் உள்ளூர் ஆட்டத்தை 2020 மார்ச்சில் கோவையில் அல்ல, அகமதாபாதில் ஆடியது. பெருந்தொற்றின் காரணமாக 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடத்தப்பட்டது. அந்தப் பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி லீகில் இல்லை.