சாண்டா லூசியா மலைத்தொடர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா மாநிலத்தில், கார்மெல் ஆற்றுக்குத் தெற்கே எழுந்து, பசிபிக் சமுத்திரத்தை ஒட்டியே தென்கிழக்காக ஏறக்குறைய 225 கி.மீ. நீண்டு, குயாமா ஆற்றங்கரையில் முடிவடையும் இம்மலைத்தொடர், பெரும்பாலான இடங்களில் மலைக்கும் கடலுக்கும் நடுவே சமவெளி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமையால் பிரசித்தி பெற்றது. கிழக்கே சலினாஸ் ஆற்றின் விசாலமான பள்ளத்தாக்கு உள்ளது. மேற்குச் சரிவின் பெரும்பகுதியும் அதன் அடியிலுள்ள கரையும் பிக் சர் என்று வழங்கும். 1602 டிசம்பரில் இவ்வழியே கப்பல் செலுத்திய ஸ்பானியர் செபாஸ்டியன் விஸ்கைனோ, புனித லூசியாளின் திருநாளை ஒட்டி இப்பெயரை இட்டார்.

நிலவமைப்பு: தொடரின் உச்சி 1,787 மீ. உயரமுள்ள ஜூனிபெரோ செர்ரா சிகரம். ஆயினும், காண்போரை வியப்பில் ஆழ்த்துவது அதனிலும் சிறிய கோன் சிகரமே. கடலிலிருந்து 5 கி.மீ.க்கும் குறைந்த தொலைவில் அது 1,571 மீ. உயர்ந்து நிற்கிறது. கருங்கல்லும் உருமாறிய பாறைகளும் மிகுந்த வடபகுதி, சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு மேற்கே அமைந்து, பசிபிக் தட்டுடன் பல பத்து லட்சம் ஆண்டுகளாக வடமேற்கு நோக்கி நகர்ந்து, தான் தோன்றிய தென்பிரதேசத்தினின்று வெகுதூரம் விலகி வந்ததாகும். தென்கரையிலோ, பண்டைய கடலடிப் பாறைகள் நொறுங்கிப் பலமிழந்து கிடப்பதால் மண்சரிவு ஓயாது. 1937-இல் இக்கரையோரம் திறக்கப்பட்ட 1-ஆம் எண் நெடுஞ்சாலையை 2017 மே மாதத்தில் மட் கிரீக் என்னுமிடத்தில் சரிந்த மலைப்பகுதி புதைத்துவிட, அவ்விடத்தில் ஓராண்டுக்கு மேல் போக்குவரத்து நின்றது.

சீதோஷ்ணமும் தாவரங்களும்: மழை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்யும். கோடையில் கடலின் அடியிலிருந்து மேலெழும் குளிர்ந்த நீர், தன்மேல் வீசும் காற்றின் ஈரத்தை மூடுபனியாகத் திரளச் செய்து கரைக்கு அனுப்ப, அப்பனியின் ஈரத்தை இலைகளாலும் வேர்களாலும் உண்டு ரெட்வுட் விருட்சங்கள் பள்ளத்தாக்குகளில் வாழ்கின்றன. அவ்வினத்தின் இயற்கையான தென்னெல்லை இம்மலையிலேயே உள்ளது. பனி எட்டாத மேட்டிலும் கிழக்குச் சரிவிலும் விறைத்த சிற்றிலைப் புதர்களும் ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளிகளுமே காணப்படும். நிழலடர்ந்த ரெட்வுட் பள்ளத்தைவிட்டு வெயிற்சரிவில் சற்றே ஏறினால், வறண்ட நிலத்துக்குரிய யுக்கா பூத்து நிற்பதைக் காணலாம்.

உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சாண்டா லூசியா ஃபர் மரம் இத்தொடரின் விசேஷச் செல்வம். கோபுர நுனிபோல் குறுகி உயரும் இம்மரத்தின் இலைகள் ஊசிபோல் குத்தும். கிளைமேல் நிமிர்ந்து நிற்கும் கூம்புகளில் ஒவ்வொரு செதிலின் அடியிலிருந்தும் நீண்ட முள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முற்றிய கூம்பு முழுதாக விழாமல் மரத்திலேயே உதிர்ந்துபோகும். மெல்லிய பட்டையுடைய இது தீயைத் தாங்காது. ஆகவே, எரிவதற்குப் புல்லும் புதரும் அதிகமில்லாத பாறைச் சரிவுகளிலும், ஈரமான ஓடைக் கரைகளிலுமே தஞ்சம் புகுந்திருக்கிறது.

விலங்குகள்: மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு இக்கரையில் அற்றுப்போயின என்று கருதப்பட்ட கடல் நீர்நாய்கள், 1938-இல் பிக்ஸ்பி ஓடையின் முகத்துவாரத்தருகே கூட்டமாகக் காணப்பட்டன. ஏறக்குறைய 3 மீ. சிறகுவிரிவுடைய கலிபோர்னியா காண்டர் என்னும் பிணந்தின்னிக் கழுகினத்தில் எஞ்சியவை 27 மட்டுமே என்ற நிலையில், 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டு, கூண்டில் இனவிருத்தி செய்யப்பட்டது. 1997 முதல் அவை பிக் சர் மலையில் விடப்படுகின்றன. சுட்டுக் கொல்லப்பட்ட விலங்குகளின் உடலில் தங்கிய ஈயக்குண்டுத் துணுக்குகளை இரையோடு விழுங்குவதே இவற்றின் மரணத்துக்கு முக்கிய காரணம்.

மக்கள்: எஸ்ஸலன், சலினன் ஆகியோர் இம்மலையின் பூர்வ குடிகள். ஓக் கொட்டையை இடித்து, நீர்விட்டுத் துவர்ப்பை நீக்கிச் சமைத்த கூழ் அவர்களுடைய பிரதான ஆகாரம். 1771-இல் கிழக்கடிவாரத்தில் நிறுவப்பட்ட சான் அந்தோனியோ மடம் முதலிய ஸ்பானிய மடங்களில் அவர்கள் சேர்க்கப்பட்டபின், புதிய நோய்களால் பெருந்தொகையினர் மாண்டனர். பின்னாளில் மலையின் வடபகுதியில் பெரும்பரப்பு லோஸ் பாட்ரெஸ் தேசிய வனத்தைச் சேர்ந்தது. அதனுள் வென்டானா வனப்பகுதி 1969-இல் சட்டப்பாதுகாப்புப் பெற்றது. 2020-இல் எஸ்ஸலன் மரபினர் லிட்டில் சர் ஆற்றங்கரையில் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தை மீண்டும் தம் உடைமையாகப் பெற்றனர்.