ஆதிச்சநல்லூர் மனித எலும்புகள்

திருநெல்வேலிக்குத் தென்கிழக்கே சுமார் 24 கி.மீ. தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த இரும்புக்கால இடுகாட்டில் கிடைத்த எலும்புகள். ஆதிச்சநல்லூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

அகழாய்வு: ஜெர்மானியரான யாகோர் 1876-இல் இங்கு தோண்டினார். அவரையடுத்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். இந்தியத் தொல்லியல் துறை 2004–05-இல் நடத்திய அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன.

அடையாளம் காணும் முறை: பெயர் தெரியாத சடலத்தைத் தடயவியலார் ஆராயும் வழியே இங்கும் பொருந்தும். ஒரே தாழியில் இரண்டு வலத் தொடையெலும்புகள் இருந்தால், குறைந்தது இருவர் உள்ளே இருக்கிறார்கள். இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளம் அகன்றிருந்தால் பெண், குறுகியிருந்தால் ஆண் எனக் கொள்வர். பல் முளைப்பும், எலும்பு முனைகள் ஒட்டிய நிலையும் வயதைக் காட்டும். தொடையெலும்பின் நீளம் உயரத்தைத் தரும்.

வரம்புகள்: வெப்பமும் ஈரமும் மரபணுவைச் சிதைக்கின்றன. பல்லிலும் உட்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பிலும்தான் அது எஞ்ச வாய்ப்பு அதிகம். இன்றைய சடலமானால் உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பெயரையே கண்டறியலாம்; தாழியில் உள்ளவருக்கு அந்த வழியில்லை.

மதிப்பீடு: உடற்கூறியலாளர் சக்கர்மன் 1930-இல் இங்கு கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி எழுதினார். மண்டையை அளந்து இனம் பிரிக்கும் அக்கால வழக்கத்தை அறிவியல் கைவிட்டுவிட்டது. இத்தாழிகளில் இருப்பவர்கள் தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த மனிதர்கள். அந்த மரியாதையோடே இவ்வெலும்புகளைக் கையாள வேண்டும்.